நல்ல வண்ணம்

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். யாராவது கேட்டால் ஐந்தடி ஐந்து என்று சொல்லிவிடுவேன். அந்த இரண்டு அங்குலத்தால் யாருக்கும் நட்டமில்லை என்பதால் இதுவரை ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. உயரத்தில் குறைத்ததை எல்லாம் கடவுள் அகலத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டார். தோள் அகலம், நெஞ்சு அகலம், வயிறு அதைவிட அகலம். கழுத்தைக் கொஞ்சம் தேடித்தான் பார்க்க வேண்டும். கால்கள் மட்டும் யாரோ அவசரத்தில் வைத்து அனுப்பியதுபோல் கட்டையாக இருக்கும்.

பாலக்காட்டு மாவட்டத்தில் எல்லையை ஒட்டி, மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சின்னத் தென்னந்தோப்பு, ஆறு கறவை மாடுகள். காலையிலும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். இந்த வேலைக்கு லுங்கியும் அரைக்கைச் சட்டையும் போதும். லுங்கி நல்ல உடுப்பு, அது யாருடைய உயரத்தையும் விசாரிப்பதில்லை. சட்டைகளை ஊர்த் தையற்காரர் தைத்துக் கொடுப்பார். என் அளவு அவருக்கு மனப்பாடம். அதனால் நாற்பத்திரண்டு வயது வரைக்கும் என் உடம்பைப் பற்றி வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் நினைக்காமல் காலம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கெடுத்தது வாட்ஸப் குழு. என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று ஆரம்பித்திருந்தார்கள். பெரும்பாலும் மலையாளிகள், என்னைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். படிக்கும்போது எனக்கு அவர்கள் வைத்த பெயர் புட்டுக்குற்றி. புட்டு அவிக்கிற குழாய். குட்டையாக, உருளையாக, மேலும் கீழும் ஒரே அளவாக இருக்குமே, அது. இருபது வருடம் கழித்து என் எண்ணைக் குழுவில் சேர்த்ததும் வந்த முதல் செய்தியே, "புட்டுக்குற்றீ, வண்ணம் குறஞ்ஞோடா?" என்பதுதான்.

மலையாளத்தில் வண்ணம் என்றால் நிறமில்லை, உடம்பின் பருமன். வண்ணம் குறைந்ததா என்றால் இளைத்துவிட்டாயா என்று பொருள். எல்லையில் வளர்ந்ததால் அந்தச் சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கே யார் 'வண்ணம்' என்றாலும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வேன். அன்று தனியாகத் தோப்பில் நின்று போனைப் பார்த்தபோதும் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் எல்லாரும் சின்னக்கானல் மலையில் ஒரு விடுதியில் கூடுவதாக முடிவானது. இரண்டு நாள். குடும்பத்தோடு வரலாம். பாலக்காட்டிலிருந்து ஒரு வேன் கிளம்பி எங்கள் ஊர் வழியாகவே வரும், ரோட்டில் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள். குழுவில் தினமும் புகைப்படங்கள் வந்தன. எல்லாரும் டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக, வெள்ளை ஷூவுமாக, எங்கோ ஒரு கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துவிட்டு பீரோக் கண்ணாடியைப் பார்த்தேன். போகாமல் இருந்துவிடலாமா என்று ஒரு மனது. போகாவிட்டால் இன்னும் பேசுவார்கள் என்று இன்னொரு மனது. கடைசியில், ஒரு மாதத்தில் ஆளையே மாற்றிவிடுவது என்று தீர்மானித்தேன்.

போனில் 'குள்ளமாக, பருமனாக இருக்கும் ஆண்கள் எப்படி உடுத்த வேண்டும்' என்று தேடினால் கொட்டுகிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் தேங்காய் எண்ணும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலும் கீழும் ஒரே அடர்நிறமாக இருந்தால் உயரமாகத் தெரியும். கோடு போட்டதென்றால் கோடு மேலிருந்து கீழே ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் தொலைந்தோம். பெரிய கட்டம் போட்ட சட்டை விஷம். சட்டையை வெளியே விட்டால் பேன்டின் ஜிப்பில் பாதி வரைக்கும்தான் வர வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் கால் இன்னும் குட்டையாகும். பேன்ட் கணுக்காலில் மடிப்பு மடிப்பாக விழக் கூடாது. தொளதொளவென்று போடவே கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த ஆள் ஆறடிக்கு ஒரு விரல் குறைய மாட்டார். குள்ளனுக்கு வந்த கேட்டைப் பாருங்கள், பாடம் நடத்தக்கூட நெட்டையன்தான் வருகிறான்.

ஒரு கருநீல ஜீன்ஸும் அதே நிறத்தில் உடம்பை ஒட்டின ஒரு சட்டையும் போனிலேயே வரவழைத்தேன். ஜீன்ஸ் இடுப்புக்குச் சரியாக இருந்தது. காலில் ஒரு சாண் மிச்சம். தையற்காரரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மண்டியிட்டு அளந்து, சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, வெட்டுன துணீல உங்க பாப்பாளுக்கு ஒரு பையி தச்சுக்கலாமுங்க. நல்ல கெட்டித் துணி."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அந்த ஜீன்ஸ் கீழே போகப்போகக் குறுகும் வகை. குறுகுகிற பாகம் எதுவோ அது முழுக்க வெட்டின துண்டில் போய்விட்டது. என் காலில் மிஞ்சியது இரண்டு அகலக் குழாய்கள்.

சட்டை கதை வேறு. என் அளவுக்கு ஒரு அளவு கீழே வாங்கியிருந்தேன், எப்படியும் ஒரு மாதத்தில் இளைத்துவிடுவோம் என்ற தைரியத்தில். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது என் மனைவி பின்னால் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, மூச்சு உடறீங்களா?"

"உனக்கு ஒண்ணுந் தெரியாது. இப்ப இதுதான் எல்லாரும் போடறது."

"சரீங்க" என்று போய்விட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடுமலைப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து பதினாறு வருடமாகிறது. எங்கள் பக்கம் சொசைட்டி, கோயில், மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் தமிழே போதும் என்பதால் ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய மலையாளத்தோடு நிறுத்திக்கொண்டாள். உயரம் என் உயரம்தான். நிமிர்ந்து நின்றால் அரை அங்குலம் கூடவே இருப்பாள். ஆனால் எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் அவளைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிவேன். நான் அதைப் பற்றி யோசித்ததில்லை, நம் முகராசி என்று இருந்துவிட்டேன். எத்தனையோ வருடம் கழித்துத்தான் அவளுடைய தங்கச்சி பேச்சுவாக்கில் சொன்னாள். போட்டோ எடுத்த நேரம் முழுக்க அக்கா பட்டுச்சேலைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றாளாம், மறுநாள் வரைக்கும் தொடை வலித்ததாம்.

சின்னக்கானல் போவதில் என்னைவிட அவளுக்குத்தான் ஆசை அதிகம். மாடுகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தோட்டத்து அக்காவிடம் சொல்லி வைத்துவிட்டாள். மகளைத் தன் அண்ணன் வீட்டில் விடுவதாகத் திட்டம். வேன் உடுமலை வழியாகத்தான் போகும் என்று தெரிந்ததும், "போற வழீல எங்கம்மாளயும் ஒரு எட்டு பாத்துக்கலாமுங்களா? அஞ்சே நிமிசம், எறங்குனதும் ஏறிக்கறேன்" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அவள் பக்கத்து டவுனான சித்தூருக்குப் போய்வந்தாள். தனியாக. வந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு கவரை என் மடியில் வைத்தாள்.

"நானாப் போயி, நானா மலையாளம் பேசி எடுத்துட்டு வந்தனுங்க. போட்டுப் பாருங்க."

சட்டை. கிளிப்பச்சையும் சந்தனமும் கலந்து பெரிய பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமும் உள்ளங்கை அகலம். போட்டுக்கொண்டேன். தோள்தையல் முழங்கைக்குப் பாதி வழியில் தொங்கியது. அரைக்கை முழங்கையைத் தாண்டியது. கீழே தொடை வரைக்கும் இறங்கியது. எனக்குள் இன்னொருத்தன் நுழைந்துகொள்ள இடமிருந்தது. கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எக்ஸ் மூன்று போட்டு எல்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததற்கு அவளைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் என் மனைவியைப் பார்த்தேன். பதினாறு வருடமாகக் கூடவே இருக்கிறவள் கண்ணுக்கு நான் இவ்வளவு பெரியவனாகத்தான் தெரிகிறேனா? ஒரு மாதமாக வயிற்றை எக்கிக்கொண்டு திரிகிறேனே, அது ஒன்றும் தெரியவில்லையா? அந்த எண்ணம் வந்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"எனக்கு எடுத்தியா, வக்கப்போருக்குப் போத்தறதுக்கு எடுத்தியா?"

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"பெருசாப் போச்சுங்களா? மாத்திக்கலாமுங்க."

"மாத்தி என்ன பண்றது? உன்ற மனசுல நானு இம்மாம்பெருசுதானே? அத எந்தக் கடைல போயி மாத்துவே?"

கழற்றி வீசினேன். அது கட்டிலில் விழாமல் தரையில் விழுந்தது. அவள் எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் சத்தமில்லாமல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பால் கேனைக் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "வேன்ல எடமில்லியாமா. ஒரு ஆளுதான் வர முடியுமாமா" என்றேன்.

அவள் கேன் மூடியைத் துடைத்து வைத்தாள். பிறகு, "அதுக்கென்னங்க, மாட்டயும் உட்டுட்டு வர முடியாதல்லோ. நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

வேனில் இடமிருந்தது. சட்டைக் கோபத்தில் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. அவள் பக்கத்தில் நின்றால் நான் இன்னும் குள்ளமாகத் தெரிவேன் என்பது மீதிப் பாதி. மற்றவர்களுடைய மனைவிமார் ஆசிரியைகள், பாங்கில் வேலை பார்க்கிறவர்கள். அவர்கள் நடுவில் இவள் அரைகுறை மலையாளத்தில் ஏதாவது சொல்லி, அதற்கும் சேர்த்து நான் சிரிப்புக்கிடமாக வேண்டுமா என்றும் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தது நான்தான்.

கிளம்பும் அன்று பையை அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கருநீலச் சட்டையையும் கருநீல ஜீன்ஸையும் மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றேன். வேன் வந்தது. உள்ளே நாலு இருக்கை காலி. அவற்றில் பைகளையும் முறுக்குப் பொட்டலங்களையும் வைத்திருந்தார்கள்.

"ஃபேமிலி எவிடடா?" என்று கேட்டார்கள்.

"மாட்டை விட்டு வர முடியாது" என்றேன். அவள் எனக்குச் சொன்ன சாக்கையே நான் அவர்களுக்குச் சொன்னேன்.

உடுமலை தாண்டி அவளுடைய ஊர் வந்தது. மெயின் ரோட்டிலிருந்து பார்த்தாலே மாமியார் வீட்டு வேப்பமரம் தெரியும். டிரைவர் அங்கேதான் டீக்கு நிறுத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, திரை மூடின பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். யாராவது சொந்தக்காரர் பார்த்துவிட்டு, 'மாப்பிள்ளை தனியாவா போறீங்க' என்று கேட்டுவிட்டால்? பத்து நிமிடம் திரையில் இருந்த பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சின்னக்கானலில் மறுநாள் காலை ஜீப் சவாரி. மேலே ஒரு பாறைமுகடு வரைக்கும் போகலாம், அங்கிருந்து பார்த்தால் தேயிலைக்காடும் அணையும் தெரியும் என்றார்கள். மூன்று ஜீப் வந்தது. எங்கள் ஜீப்பை ஓட்டியவர் எஸ்டேட்டுத் தமிழர். நம்மாள். என்னைவிட ஒரு விரல் குள்ளம், என்னைவிட ஒரு சுற்றுப் பெருத்த உடம்பு. தொளதொளவென்று ஒரு சட்டை, அதற்குமேல் பட்டன் போடாத ஸ்வெட்டர். இந்த ஆள் அந்த வீடியோக்களை ஒன்றும் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. அவர் விசிலடித்துக்கொண்டே எல்லாரையும் கைகொடுத்து ஏற்றினார்.

ஜீப்பின் பின்படி உயரம். என் கால் அளவுக்கு ரொம்ப உயரம். ஒரு காலைத் தூக்கி வைத்து உடம்பை எக்கினேன். வயிற்றுக்கு நேராக இருந்த பட்டன் தெறித்து ஜீப் தகரத்தில் 'டிங்' என்று பட்டது. அடுத்ததும் கூடவே போனது. சட்டை இரண்டு பக்கமும் விலகி, வயிறு வெளியே வந்து மலைக்காற்றை வாங்கியது.

பிறகு ஒருத்தன், "புட்டுக்குற்றி பொட்டிப்போயீ!" என்று கத்தினான், புட்டுக்குழாய் வெடித்துவிட்டதாம். ஜீப் குலுங்கியது. பெண்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். ஒருத்தர் போனை எடுத்தார். நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். கல்லூரியிலும் அப்படித்தான் செய்வேன்.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து ஒரு பட்டனைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அண்ணே, மாத்துச் சட்ட வச்சிருக்கியளா? ரூம்புக்குப் போயி மாத்திட்டு வாங்க, நான் நிக்கேன். இந்தக் குளுருக்கு லூசாத்தாம்ணே போடணும். நம்ம ஒடம்புக்கு எதுக்கு இந்தப் பிடிச்ச சட்ட?"

நம்ம உடம்பு என்று அவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அறைக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தேன். துண்டு, லுங்கி, பனியன், தைலம். பனியன்களுக்கு அடியில், நான் தரையில் வீசிய கட்டம் போட்ட சட்டை. எனக்கு மறுபடியும் கோபம்தான் முதலில் வந்தது. வேறு வழியில்லாததால் உதறிப் போட்டேன். தொடை வரைக்கும் இறங்கிய சட்டை இப்போது இறங்கவில்லை. கீழே நாலு விரல் அளவுக்கு மடித்துக் கையாலேயே தைத்திருந்தாள். கைகளையும் மடித்து முழங்கைக்கு மேலே நிறுத்தியிருந்தாள். தோளில் உள்பக்கமாக ஒரு பிடி பிடித்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தேன். சட்டையின் விளிம்பு ஜிப்பின் பாதியில், வீடியோவில் சொன்ன அதே இடத்தில் நின்றது. நான் திட்டியதற்கும் கிளம்பியதற்கும் நடுவில் எப்போது உட்கார்ந்து இதைத் தைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மூன்று நாளும் நான் அவள் பக்கமே திரும்பவில்லை.

முகட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு புகைப்படம் எடுத்தோம். முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள், பின்னால் ஆண்கள் நின்றார்கள். போனைப் பிடித்தவர் அந்த டிரைவர்தான். பெரிய கட்டம் என்னை இன்னும் அகலமாகக் காட்டுமே என்று கடைசி வரிசைக்குப் போய், எங்களிலேயே உயரமானவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"பின்னால நிக்கிற அண்ணே, முன்னால வாங்க. மொகமே தெரியலண்ணே."

"போதும், எடுங்க" என்றேன்.

வீடு திரும்பினதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "சட்ட பத்துச்சுங்களா?" நான் "ம்" என்றேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு வாரம் அந்தத் தையல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டு ஆண்களிடம் கிடையாது. தப்புச் செய்தால் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து வைப்போம், அத்தோடு சரி. அதனால் அவளுக்கு ஒரு சேலை எடுக்கலாம் என்று, கடைக்குப் போவதாக மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுச் சித்தூருக்குப் போனேன், அவள் சட்டை எடுத்த அதே கடைக்கு. அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டும் போனேன்.

உள்ளே நுழைந்ததும் ஆண்கள் பகுதியில் நின்ற விற்பனைப் பெண் என் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மறுபடி சட்டையைப் பார்த்தாள்.

"சேட்டா, ஈ ஷர்ட்டு இவிடுந்நு ஒரு தமிழ்ச் சேச்சி கொண்டுபோயதல்லே?"

இந்தச் சட்டையை ஒரு தமிழ் அக்கா இங்கேதானே வாங்கிப்போனார் என்கிறாள். ஆமாம், என் மனைவிதான் என்றேன்.

"அய்யோ, சேட்டனு அத்ரக்கு வண்ணமொன்னும் இல்லல்லோ!" என்றாள். அவ்வளவு பருமனெல்லாம் இல்லையே என்கிறாள். பிறகு சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சேச்சிக்கு அளவு சொல்லத் தெரியவில்லையாம். என் சட்டைகள் தையற்காரர் தைத்தவை, கழுத்தில் எண் இருக்காது. உயரம் எவ்வளவு என்று கேட்டதற்குத் தன்னைக் காட்டி, தன் உயரம்தான் என்றாளாம். சேட்டனுக்கு வண்ணம் உண்டோ என்று இந்தப் பெண் கேட்டாளாம். உண்டு, நல்ல வண்ணம் என்றாளாம். சந்தேகமாக இருந்ததால் இந்தப் பெண் இன்னொரு முறை கேட்டாளாம், கொஞ்சமா, ரொம்பவா என்று. 'ரொம்ப நல்ல வண்ணம், அதுக்குத் தக்கன எடுங்க' என்றாளாம் சேச்சி.

"வண்ணத்தினு இத்ர சந்தோஷம் ஞான் எங்கும் கண்டிட்டில்லா" என்றாள் அந்தப் பெண். புருஷன் குண்டாக இருப்பதை இத்தனை சந்தோஷமாக, பெருமையாகச் சொல்கிற ஒருத்தியை அவள் பார்த்ததே இல்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் நல்ல நிறமும் கிடையாது. தோப்பிலும் ரோட்டிலும் வெயிலில் வெந்த கருப்பு. ஏதோ ஒரு தெரியாத கடையில் நின்று, என் நிறத்தைப் பற்றி ஒருத்தி கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, என் மனைவி என்னை உயர்த்திச் சொல்லியிருக்கிறாள். அந்த நிறத்துக்கு எடுப்பாக இருக்கட்டும் என்றுதான் கிளிப்பச்சையும் சந்தனமும். நான் அதை எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று படித்துவிட்டுத் தரையில் வீசினேன்.

சேலை எடுக்காமலே பஸ் ஏறினேன். எதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாலும் கணக்குத் தீர்க்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது மூன்றரை மணி. அவள் மாட்டுக் கொட்டகையில் கறந்துகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"வெறுங்கையோட வந்துட்டீங்க? கடை தொறக்கலீங்களா?"

"தொறந்திருந்துது. அந்தப் புள்ள உன்னெப் பத்திச் சொல்லுச்சு. எனக்கு வண்ணம் உண்டான்னு கேட்டாளாமா? நீ நல்ல வண்ணம்னு சொன்னியாமா?"

"ஆமாங்க. ரெண்டு தடவ கேட்டா. எதுக்குடா இத்தன கேக்கறா, பொண்ணு கிண்ணு பாக்கறாளான்னு நெனச்சனுங்க."

"நானு கருப்புத்தான புள்ள?"

அவள் கறப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "வெளியாளுககிட்டப் போயி எங்கூட்டுக்காரரு கருப்புன்னு சொல்லுவாங்களாக்கும்? உட்டுக்குடுக்க முடியுங்களா?"

எனக்கு உடுமலை டீக்கடையும் வேன் திரையில் இருந்த பூக்களும் நினைவுக்கு வந்தன. சமாளித்துக்கொண்டு, மலையாளத்தில் வண்ணம் என்றால் என்ன என்று சொன்னேன். அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு வாளி ஆடும்படி சிரித்தாள். மாடு திரும்பிப் பார்த்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அதான் அம்மாம்பெருசாக் குடுத்தாளா. அய்யோ, நீங்க அன்னிக்குக் கோவிச்சது நாயந்தானுங்க. தெரியாத பாசையில நானு எதுக்குப் பேசோணும்?"

"நாயமொண்ணும் இல்ல" என்றேன்.

"ஆனா ஒருவகைக்கு அதும் நல்லதாப் போச்சுங்க."

"என்ன நல்லது?"

"பாப்பா உங்க போன்ல அந்தப் போட்டோவக் காட்டுனா. மலைல எல்லாரும் நின்னு எடுத்தது. அத்தன பேருத்துல உங்களக் காணம். ரெண்டு பேரும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணித் தேடறோம், எங்கீமே இல்ல. அப்பறம் பாத்தா, கடேசில ஒரு நெட்டையாளுக்குப் பொறகால சட்டக்கை மட்டும் தெரியுது. பச்சக் கட்டம். நானு மடிச்சுத் தச்ச கை. அத வெச்சுத்தானுங்க நீங்கன்னு கண்டுபுடிச்சேன்." அவள் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "எம் மேல கோவமாப் போனீங்களே, ஆனாலும் நானு எடுத்ததத்தான் போட்டுக்கிட்டீங்கன்னு பாப்பாகிட்டச் சொன்னனுங்க."

சொல்லிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போனாள். அந்தப் படத்தின் முன்வரிசையில் மற்றவர்களுடைய மனைவிமார் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தனை பெரிதாக்கித் தேடியவள் அவர்களையும் பார்த்திருப்பாள். வண்டியில் இடமில்லை என்றீர்களே என்று அவள் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. டிரைவர் எடுத்துக் கொடுத்த அந்தப் பட்டன் இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. அது தெறித்த கதையை நான் அவளிடம் சொன்னதில்லை.